ஒரு முழம் தள்ளி நட்ட தடி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளையளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைக்கும்தான் படித்தவள், அதிலும் கணிதம் போய்விட்டது. ஆனால் மிதிவெடி எடுக்கிற வேலையில் முழங்காலில் இருந்த வருசங்கள் கனக்க. அம்மாளாச்சியின் கிருபையால் இரண்டு காலோடும் ஓய்வுக்கு வந்து, இப்போது ஸ்கந்தபுரத்தில் வயலையும் கோயிலையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வேலையை எப்படிச் செய்வது என்று இதில் எழுத மாட்டேன். அதைப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். ஒருவருக்குத் தெரிந்ததையே அவருக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுக்கிற வியாதியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உங்களுக்கு இந்த வேலையில் வெடியைவிட அதிகமாகச் சந்திக்கக் கிடைப்பது அதுதான்.

அந்த வியாதிக்கு இங்கிலிஷில் ஒரு வினைச்சொல்லே இருக்கிறது என்று எனக்குச் சொன்னவள் கீர்த்தனா. கம்பஸ் படிப்பு முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் எங்கள் குழுவுக்கு வந்த பிள்ளை. நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் அவள் சைற் பொறுப்பாளர் அண்ணையைக் காட்டி, "அக்கா, இந்த மனுசன் ஒவ்வொரு நாளும் எங்களை மான்ஸ்பிளெயின் பண்ணுறார்" என்றாள்.

அதென்ன சாமான் என்று கேட்டேன். ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பிளைக்கு, அவளுக்கு முதலே நன்றாகத் தெரிந்த சங்கதியை, அவளுக்குத் தெரிந்திருக்காது என்று தானாகவே முடிவுகட்டி, அவள் கேட்காமலே, நீட்டி நிமிர்த்தி விளங்கப்படுத்துவதாம். இதற்கென்று ஒரு தனிச் சொல்லா என்று நான் ஆச்சரியப்பட்டேன். எங்கள் பக்கத்தில் இதற்குச் சொல் கிடையாது. "சேர் கதைக்கிறார், சத்தம் போடாதேங்கோ" என்பதுதான் நாங்கள் வைத்திருந்த பெயர்.

ஆனால் பொறுப்பாளர் அண்ணைக்கு அந்தச் சொல்லைப் பாவித்தது பிழை என்று அவளுக்கு அப்போதே சொன்னேன். அண்ணை தினமும் காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி அதே எட்டு வசனத்தைச் சொல்லுவார். உண்மைதான். ஒன்பதாவது வசனம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அந்த எட்டிலும் பாதி கேள்வி: நேற்று எங்கே விட்டது, இன்றைக்கு யாருக்குத் தலையிடி, யார் வீட்டில் நித்திரை கொள்ளவில்லை. பதிலைக் கேட்டுத்தான் பாதைக்குள் விடுவார். எங்களுக்குத் தெரியாது என்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள்தான் மறப்பார்கள் என்பதற்காகச் சொன்னார். கேட்டுப்போட்டுச் சொல்லுகிறவரையும் கேளாமல் கொட்டுகிறவரையும் ஒரே சொல்லுக்குள் போட்டால், அந்தச் சொல்லால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

சரியாகப் பாவிக்க வேண்டிய இடம் வேறு. பூவரசங்குளத்தில் ஒரு கலியாண வீடு. என் மனுசனுடைய ஒன்றுவிட்ட தமையன் கனடாவிலிருந்து வந்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மிதிவெடியில் கால் வைத்தால் வெடிக்காது, காலை எடுத்தால்தான் வெடிக்கும், ஆனபடியால் மிதித்தவர் அசையாமல் நிற்கவேணும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். ஏதோ படத்தில் பார்த்தாராம். நான் எடுத்த வெடிகள் எல்லாம் மிதித்த உடனே வெடிக்கிறவை. இதைச் சொன்னால் பாயாசம் ஆறிப்போகும் என்று பேசாமல் இருந்தேன். என் மனுசன்தான் பொறுக்கமுடியாமல், "அண்ணை, இவ அந்த வேலைதான் செய்யிறா" என்றார்.

"ஓம், அதுதான் சொல்லுறன்" என்றார் அந்த மனிதர். "வடிவாக் கேட்டு வைச்சிருக்கோணும், பிள்ளை."

கலியாண வீட்டில் அது சிரித்துவிட்டுப் போகிற பகிடி. எங்கள் வேலைத்தளத்தில் அது பகிடியாக முடியவில்லை. இனி அதைச் சொல்லுகிறேன்.

கீர்த்தனா வருவதற்கு முந்தின காலம் அது. முல்லைத்தீவுப் பக்கம், கடலுக்குக் கிட்ட, ஒரு பனங்காணியில் வேலை. நான் குழுத்தலைவி. நடுப்பாதையில் ஜெயந்தி. ஜெயந்தியைப் பற்றி இரண்டு விசயம் தெரிந்தால் போதும். எங்கள் குழுவில் அவளைப்போலக் கை நிதானம் உள்ள ஒருத்தி இல்லை. மற்றது, மீளக் குடியேறின புதிதில் விறகு வெட்டப்போன அவளுடைய மனுசன் ஒரு காலை இழந்தவர். வருமானம் இவளுடையது மட்டும்தான்.

தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எங்களுக்கு அவர் சேர். பெயர் வேண்டாம். படித்த மனிதர், நல்ல சப்பாத்து. உதவி தருகிற இடத்திலிருந்து இரண்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு வந்தார். வெளியாட்கள் உள்ளே வந்தால் வேலை நிற்கும், அது சட்டம். பொறுப்பாளர் அண்ணை கூடாரத்தில் வரவேற்பு அலுவலாக நிற்க, சேர் விருந்தாளிகளை நடுப்பாதையின் முடிவுவரைக்கும் கூட்டிவந்தார். நாங்கள் ஏழு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி வரிசையில் நின்றோம்.

பாதையின் முடிவு என்றால் என்ன என்று இந்த வேலை தெரியாதவர்களுக்கும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். அங்கே சிவப்புப் பூசின தடி ஒன்று நிற்கும். தடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் விரல் விரலாகத் தோண்டிப் பார்த்த நிலம். அந்தப் பக்கம் யாரும் தொடாத நிலம். எங்களுக்கு உள்ள சாமிகளில் அதுவும் ஒன்று.

சேர் தொடங்கினார். விருந்தாளிகளுக்கு இங்கிலிஷில் சொன்னது எனக்கு விளங்கவில்லை, அது அவர்கள் பாடு. ஆனால் அவர் எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் தொடங்கினார். மண்ணைக் கிளறுகிற வாரியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஜெயந்தியின் கையிலிருந்து வாங்கிக் காட்டினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காட்டினார். முகமூடியை ஏன் இறக்கி விடவேண்டும் என்று, தன்னுடையதைத் தலைக்குமேல் தூக்கி விட்டுக்கொண்டு சொன்னார். பிறகு ஜெயந்தியைப் பார்த்து, மிதிவெடியில் கால் போனால் எப்படி இருக்கும் என்று விளங்கப்படுத்தினார். எலும்பு எந்த இடத்தில் முறியும், புண் ஆற எவ்வளவு காலம் எடுக்கும், பொய்க்கால் போட்டால் எங்கே தேய்க்கும். ஒவ்வொரு பின்னேரமும் அந்தத் தேய்ந்த இடத்தைக் கழுவி மருந்து போடுகிறவளுக்கு.

"விளங்குதோ தங்கச்சி?"

"ஓம் சேர்" என்றாள் ஜெயந்தி. அவள் அப்போதும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்ததாக, வெடிகளை மண்ணுக்குள் வரிசையாகத் தாட்டிருக்கிற விதத்தைப் படம் கீறிக் காட்ட அவருக்கு ஆசை வந்தது. கீறுவதற்குத் தடி வேண்டும். குனிந்தார். சிவப்புத் தடியைப் பிடுங்கினார்.

பிள்ளையள், இந்த இடத்தில் நிறுத்தி ஒருக்கால் யோசியுங்கோ. ஏழு பொம்பிளையள் நின்றோம். எல்லாருக்கும் அந்தத் தடி என்னவென்று தெரியும். அதைத் தொட்டால் வேலையிலிருந்து நிற்பாட்டுவார்கள் என்றும் தெரியும். ஒருத்தி வாய் திறக்கவில்லை. எங்களை வளர்த்த விதம் அது. பெரிய மனிதர் கதைக்கும்போது தலையைக் குனி, இடையில் விழாதே. கோயில் நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்தவர் இறக்கும்வரைக்கும் வெயிலில் நிற்கிற சனம் நாங்கள். அதோடு, விருந்தாளிகள் வரும்போது மரியாதை குறையக்கூடாது என்று முதல்நாளே அலுவலகத்திலிருந்து சொல்லியும் விட்டிருந்தார்கள். அவர் போகட்டும், பிறகு நான் தடியைச் சரியாக நட்டு விடுகிறேன் என்று நினைத்தேன். குழுத்தலைவி நான். நினைத்தேன், அவ்வளவுதான்.

அவர் தடியால் மண்ணில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்தார். கீறின படம் வடிவாக வரவில்லை. சப்பாத்தால் தேய்த்து அழித்தார். நாங்கள் தோண்டின நிலத்துக்கும் தொடாத நிலத்துக்கும் இடையிலிருந்த விளிம்பும் அந்தத் தேய்ப்பில் மண் மூடிப்போனது. பிறகு விருந்தாளிகளைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே, பின்பக்கமாகக் கையை எட்டி, எந்த இடம் என்று பாராமலே தடியைக் குத்திவிட்டார். முன்பு நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் அந்தப் பக்கம்.

எல்லாரையும் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் வரச் சொன்னார். என் வேலை என்னவென்று விருந்தாளிகளுக்குச் சொல்லப் போகிறாராம், பக்கத்தில் நிற்கட்டாம். நான் தடியைத் திரும்பிப் பார்த்தேன். "வாங்கோ வாங்கோ" என்றார். போனேன்.

கூடாரத்தில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும். விருந்தாளிகள் வேலை நடக்கிறதைத் தூரத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டார்கள். பொறுப்பாளர் அண்ணைக்குத் தடி இடம் மாறினது தெரியாது. அவர் இரண்டு தரம் சின்னதாக விசில் ஊதினார். அப்படி என்றால் வேலையைத் தொடங்கலாம். பிள்ளையள் முகமூடியை இறக்கிக்கொண்டு பாதைக்குள் போனார்கள். ஜெயந்தியும் போனாள்.

அவள் ஏன் தடியைச் சந்தேகப்படவில்லை என்று பிறகு கேட்டேன். தடி பிடுங்கினதைக் கண்டவள்தான். திரும்ப நட்ட இடத்தைக் காணவில்லை. தடி நிமிர்ந்து நிற்கிறது, ஆனபடியால் அக்கா சரிபார்த்திருப்பா என்று நினைத்தாளாம். சேர் கூப்பிட்டுப் போன பிறகு, நான் அவள் பார்த்துக்கொள்ளுவாள் என்று நினைக்க, அவள் நான் பார்த்திருப்பேன் என்று நினைக்க, நடுவில் ஒரு முழ நிலம் கிடந்தது.

நான் சேருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்தபடியே பார்த்தால், ஜெயந்தி பாதையின் முடிவுக்குப் போய்விட்டாள். வாரியைக் கீழே வைக்கிறாள். இனி தடிக்குக் கிட்டவாக முழங்காலை ஊன்றுவாள். அவள் முழங்கால் ஊன்றப்போவது தொடாத நிலம்.

கூப்பிட்டால் திரும்புவாள். திரும்புகிறவள் காலை மாற்றி வைப்பாள். கூப்பிடக்கூடாது. ஒரே ஒரு வழிதான், நீளமாக ஒரு விசில். அதைக் கேட்டால் எவளும் நின்ற நிலையிலேயே உறைந்து போவாள், கை அந்தரத்தில் இருந்தால் அந்தரத்திலேயே. இவ்வளவும் எனக்குக் கண்ணிமைக்கிற நேரத்தில் ஓடி முடிந்தது. விசில் என் கழுத்தில் தொங்கியது. கையும் அதைப் பிடித்துவிட்டது.

அப்போதும் சேர் கதைத்துக்கொண்டிருந்தார்.

ஊதினேன். ஜெயந்தி உறைந்தாள். இடது பாதம் ஊன்றினபடி, வலது முழங்கால் நிலத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். அப்படியே நின்றாள். நான் பாதைக்குள் நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் அவள் பயப்படுவாள். நெற்றித் திருநீறு வேர்வையோடு கண்ணுக்குள் வழிந்து எரிந்தது. அம்மாளாச்சியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அவள் தொடை நடுங்கக்கூடாது என்று.

கிட்டப் போனதும் அவள் திரும்பாமலே மெல்லமாகக் கேட்டாள், "அக்கா, எவ்வளவு?"

"ஒரு முழம் முன்னுக்கு நிக்குது தடி. முழங்காலை ஊன்றாதை. வந்த அடியிலேயே காலைப் பின்னுக்கு வை."

வைத்தாள். பிறகு மற்றக் கால். பிறகு அவளை நான் பிடித்துக்கொண்டேன். அவளுடைய உடுப்பு முழுக்க நனைந்திருந்தது.

அன்றைக்கே அந்த ஒரு முழத்தையும் நானே முழங்காலில் இருந்து கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் மண்.

இனித்தான் பாருங்கோ கூத்து. விருந்தாளிகளை அனுப்பிவிட்டு சேர் எங்களைக் கூட்டி வைத்துக் கதைத்தார். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? சிவப்புத் தடி என்றால் என்ன, அது எவ்வளவு முக்கியம், அதை ஏன் ஒருவரும் தொடக்கூடாது என்று. எங்களுக்கு. கைவிரலை ஆட்டி ஆட்டி அரை மணித்தியாலம். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், திருவிழாவில் இரண்டு நாள் நீளுகிறவை உட்பட. தான் செய்த பாவத்துக்காக, கேட்டுக்கொண்டிருந்த சனத்தை ஏசின பிரசங்கியை அன்றைக்குத்தான் கண்டேன்.

முடிவில், அந்த நிலத்தில் ஒன்றும் இல்லாதபடியால் உண்மையில் ஆபத்து ஒன்றும் இருக்கவில்லை என்றும் சொன்னார். எனக்கு வாய் வந்தது. "இல்லையெண்டு இப்பதானே சேர் தெரியும்" என்றேன். அவர் அதையும் எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

அடுத்த நாள் அவருடைய அறிக்கை வந்தது. தட்டச்சில் இரண்டு பக்கம். பொறுப்பாளர் அண்ணை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். பணியாளர் எல்லையைத் தாண்டினார் என்று இருந்தது. தடி மாடு தட்டி நகர்ந்திருக்கலாம் என்று இருந்தது. மாடு! அந்தக் காணிக்குள் மாடு வந்திருந்தால் நாங்கள் அதற்கு வேறு அறிக்கை எழுதியிருப்போம். பெண் பணியாளர்களுக்கு அறிவு போதாது, மேலதிகப் பயிற்சி தேவை, அதைத் தானே நடத்தத் தயார் என்றும் இருந்தது. ஜெயந்தியை விசாரணை முடியும்வரைக்கும் நிற்பாட்டச் சொல்லி இருந்தது. எல்லையைத் தாண்டினவளைத் திரும்ப எடுப்பது குறைவு. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணை கடதாசியை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கடை அறிக்கையும் வேணும் தங்கச்சி. நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கோ. கனக்க வேண்டாம்."

எனக்கு அறிக்கை எழுதிப் பழக்கம் குறைவு. கொப்பித் தாளில் பேனையால் எழுதினேன். "சேர் விளங்கப்படுத்துவதற்காகச் சிவப்புத் தடியைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டார். நாங்கள் ஏழு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்." இரண்டு வசனம். பிள்ளையள் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். ஒருத்தி பேனையைப் பிடித்துக்கொண்டு அந்த வசனங்களைத் திரும்பவும் வாசித்தாள். அவளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்தானே. ஆனாலும் வைத்தாள்.

அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, எனக்கு விரதம். காலையில் முழுகி, சாமி அறையில் விளக்கேற்றிக் கும்பிட நின்றால் கை கூப்ப வருகிறது, மனம் வரவில்லை. நான் எழுதினது பொய் இல்லை. ஆனால் முழுவதும் இல்லை. சேர் செய்ததை எழுதினேன். ஏழு பேர் செய்ததையும் எழுதினேன். ஏழில் ஒருத்தியாக ஒளிந்துகொள்ளுவது சுகம். அன்றைக்கு நேரத்தோடு வேலைக்குப் போய், அண்ணையிடம் தாளைத் திருப்பி வாங்கி, கையெழுத்துகளுக்குக் கீழே மூன்றாவது வசனத்தை எழுதினேன்.

"ஆபத்தைக் கண்டபிறகும், சேர் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை முடிக்கட்டும் என்று காத்திருந்துதான் நான் விசில் ஊதினேன்."

ஓம், பிள்ளையள். விசில் கையில் இருந்தது. மூச்சும் இழுத்தாயிற்று. பெரிய மனிதர் கதைத்து முடிக்கட்டும் என்று நின்றேன். நீளமான வசனம் அது. அந்த நேரத்துக்குள் ஜெயந்தியின் முழங்கால் எவ்வளவு இறங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் இன்னும் ஒரு சொல் சேர்த்திருந்தால் நான் அதற்கும் நின்றிருப்பேன்.

அண்ணை வாசித்துவிட்டு, இந்த வசனம் தேவையில்லை, வெட்டுங்கோ, உங்களுக்குத்தான் கரைச்சல் வரும் என்றார். இருக்கட்டும் என்றேன். அது இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் கோபத்தில் எழுதினது என்று தள்ளிவிடுவார்கள். தன்னையும் சேர்த்து எழுதினவளின் கடதாசியைத் தள்ளுவது கொஞ்சம் கஸ்டம்.

அப்படித்தான் நடந்தது. விசாரித்தவர்கள் சேரின் இரண்டு பக்கத்தையும் எங்கள் மூன்று வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஜெயந்தியின் மேல் பிழை இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். சேருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய இடத்து அலுவல்களை எங்களுக்கு விளங்கப்படுத்துகிற வழக்கம் மட்டும் அங்கே இல்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முழுப் பக்கம். குழுத்தலைவி ஆபத்தைக் கண்டால் என்ன செய்யவேண்டும், யார் கதைத்துக்கொண்டிருந்தாலும் எந்தக் கணத்தில் விசில் ஊதவேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரியாத ஒரு சொல் அதில் இல்லை. எழுத்து எழுத்தாக வாசித்தேன். தெரிந்துகொண்டும் செய்யாமல் நின்றவளுக்கு அதைத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். கீழே கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை ஜெயந்தி வேலைக்கு வந்தாள். பாதையின் முடிவில், முழங்கால் ஊன்றுமுன், தடிக்குக் கிட்ட நின்று என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நீங்களும் ஒருக்கால் வந்து பாருங்கோ" என்றாள். போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து முழம் போட்டு அளந்தோம்.